‘மொழி’ என்ற சொல்லுக்கு முதலில் என்ன பொருள்? ஏழாம் வகுப்புக் கேள்வி ஒன்று

பாலக்கோடு_தமிழம்மா
பிப்ரவரி 14, இரவு 8:40

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பழமொழிப் பாடம் நடத்தும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், பழமொழி என்றால் பழைய மொழியா? அப்படியென்றால் அது எந்த மொழி?” என்று கேட்டாள். பழைய சொல் என்று பொருள் சொன்னேன். அவள் விடவில்லை. “அப்போ தமிழ்மொழி என்றால் தமிழ்ச்சொல்லா?” என்றாள். அதற்குள் வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. ஒரு பையன் வீட்டில் தெலுங்கு, இன்னொரு பெண் வீட்டில் கன்னடம். “எங்க வீட்டில மொழின்னு யாரும் சொல்ல மாட்டாங்க டீச்சர், பாஷைன்னுதான் சொல்வாங்க” என்றார்கள். தமிழ் பேசும் பிள்ளைகளும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள்.

வரும் 21ஆம் தேதி தாய்மொழி நாள். 1952இல் டாக்காவில் வங்கமொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. 1999இல் யுனெஸ்கோ அறிவித்து, 2000 முதல் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள். அன்றைக்கு ‘மொழி’ என்ற சொல்லைப் பற்றியே ஒரு பலகை எழுதி வராந்தாவில் வைக்க நினைக்கிறேன். இந்தச் சொல் எப்படி வந்தது, முதலில் என்ன பொருளில் இருந்தது, நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பேசப்படும் மற்ற மொழிகளில் இதற்கு என்ன சொல் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பிள்ளைகள் நம்பிப் படிப்பார்கள். உறுதியானது மட்டும் போதும்.

—

அதியமான்கோட்டை_வாசகன்
பிப்ரவரி 14, இரவு 10:15

டீச்சர், அந்தப் பெண் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். பழமொழியில் இருக்கும் மொழிதான் மூத்த பொருள். ‘தமிழ்மொழி’யில் இருப்பது அதிலிருந்து விரிந்தது.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ‘மொழிமரபு’ என்று ஓர் இயல் இருக்கிறது. பெயரைப் பார்த்து, மொழிகளின் வரலாறு என்று யாரும் நினைத்துவிடலாம். உள்ளே இருப்பதோ சொல்லின் அமைப்பு. “ஓரெழுத்து ஒருமொழி, ஈரெழுத்து ஒருமொழி” என்று நூற்பா போகும். தீ, பூ, கை எல்லாம் ஓரெழுத்து ஒருமொழி. இங்கே மொழி என்றால் சொல், அவ்வளவுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலிலும் அதே கதை. ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்று வகை. ‘தாமரை’ ஒரே சொல்லாக நின்றால் பூ. ‘தா, மரை’ என்று பிரித்தால் தாவுகிற மான். இப்படி இரண்டுக்கும் பொதுவாக நிற்பது பொதுமொழி. ஏன், இன்றைய பாடநூலில் ‘மொழிமுதல் எழுத்துகள்’ என்று நீங்களே நடத்துகிறீர்களே. சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் என்றுதானே அதற்குப் பொருள்.

வினையாகவும் அது இருந்தது. மொழிந்தான், மொழிவான், மொழிக. தொல்காப்பியத்தில் எத்தனையோ நூற்பாக்கள் ‘என மொழிப’ என்று முடியும். ‘என்று சொல்வார்கள்’ என்பதுதான். விகுதி எதுவும் சேராமல் வினையின் முதனிலையே பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்கிறோம். சொல், உரை போல மொழியும் அந்த வகை. உரைப்பது உரை. மொழிவது மொழி.

“நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து
மறைமொழி காட்டி விடும்”

28ஆம் குறள். நிறைமொழி என்றால் பயன் நிறைந்த வாக்கு. இதில் தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை. ஒரு மனிதர் வாய் திறந்து சொன்னது இருக்கிறது. அதுதான் மொழி.

—

மத்தூர்_மாந்தோப்பு
பிப்ரவரி 15, காலை 6:20

ஐயா சொன்னது நன்றாக விளங்கியது. ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கை, கால் மூட்டை மொழி என்பார்கள். வரப்பில் கால் மடங்கி விழுந்தால் “கால் மொழி பிசகிப் போச்சு” என்பார்கள். எலும்பும் எலும்பும் சேரும் இடம் மொழி. மனுசனும் மனுசனும் சேரும் இடமும் மொழி. பேச்சு மொழிக்கு மூலம் இந்த மூட்டு மொழியாக இருக்கலாமா? யோசிக்க அழகாக இருக்கிறது.

—

அதியமான்கோட்டை_வாசகன்
பிப்ரவரி 15, காலை 9:05

அழகாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் அழகு மட்டும் ஆதாரம் ஆகாது. மூட்டு என்ற பொருளில் மொழி என்ற சொல் உண்டு, அகராதியிலும் இருக்கிறது. ‘முழி’ என்றும் சொல்வார்கள். ‘முழங்கால்’, ‘முழங்கை’ நினைவுக்கு வரும். அது தனிச் சொல். பேசுவது என்ற மொழிக்கு முழு வினை வாய்பாடு இருக்கிறது. மொழிந்தான், மொழிகின்றான், மொழிவான். மூட்டு மொழிக்கு அப்படி வினை கிடையாது. ‘சேர்ந்தான்’ என்ற பொருளில் ‘மொழிந்தான்’ என்று எந்தப் பழைய பாட்டிலும் வரவில்லை. ஒலி ஒன்று, பொருள் இரண்டு.

பலகையில் மூட்டு மொழியைத் தனியாக எழுதலாம், அதுவும் நம் சொல்தான். ஆனால் ‘இதிலிருந்து அது பிறந்தது’ என்று மட்டும் எழுத வேண்டாம். சொற்களுக்குக் கதை கட்டுவது சுலபம். பிள்ளைகள் மனதில் ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது.

—

தளி_நுடி
பிப்ரவரி 15, பகல் 12:30

நான் தளிக்காரன். வீட்டில் கன்னடம், படித்தது தமிழில். எங்கள் பக்கச் சொற்களைச் சொல்கிறேன்.

பேச்சில் பாஷெ. ஆனால் கன்னடத்துக்கே உரிய சொல் ‘நுடி’. நுடி என்றால் சொல், பேச்சு, மொழி மூன்றும். ‘கன்னட நுடி’ என்றால் கன்னட மொழி. ‘நடெ நுடி’ என்று சேர்த்துச் சொல்வோம், ஒருவருடைய நடத்தையும் பேச்சும். அந்த இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊரில் மதிப்பு. கணினியில் கன்னடம் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்குக்கூட ‘நுடி’ என்றுதான் பெயர். தாய்மொழிக்கு என்ன சொல் தெரியுமா? ‘தாய்நுடி’. பாலக்கோட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் அகராதி தேவைப்படாது.

நுடி தமிழிலும் இருக்கிறது, ‘நொடி’ என்ற உருவில். கண்ணிமைக்கும் நேரம் என்று நினைக்காதீர்கள். பழந்தமிழில் நொடிதல் என்றால் சொல்லுதல். நொடி என்றால் சொல், விடுகதை. மொழியறிஞர்கள் பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ் நொடியும் கன்னட நுடியும் தெலுங்கு நுடியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தமிழில் பேச்சுப் பொருள் மங்கிப்போய்விட்டது. கன்னடத்தில் அது முன்னால் வந்து மொழிக்கே பெயராகிவிட்டது.

கவனியுங்கள், பாதை ஒன்றுதான். சொல்வது என்ற வினை, அப்புறம் சொன்ன சொல், அப்புறம் ஒரு மக்கள் கூட்டம் முழுதும் பேசும் மொழி. தமிழில் மொழி போன வழியில் கன்னடத்தில் நுடி போயிருக்கிறது.

—

ஓசூர்_ராமநாயக்கன்ஏரி
பிப்ரவரி 15, மாலை 5:50

தளி அண்ணாவுக்குப் பக்கத்திலேயே தெலுங்கையும் வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு. பாஷ என்போம். நுடி உண்டு, ஆனால் அது புத்தகத்துச் சொல். வாயில் நிற்பது ‘மாட்ட’. மாட்ட என்றால் சொல், பேச்சு, வாக்கு. “நா மாட்ட வினு” என்றால் என் பேச்சைக் கேள்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்றால் ‘மாட்லாடு’ என்பதும் ‘மாத்தாடு’ என்பதும் காதில் விழாத நாள் இல்லை. தெலுங்கில் மாட்லாடு, கன்னடத்தில் மாத்தாடு, இரண்டும் பேசு என்பதுதான். தமிழ் நண்பர்கள் இதை வேற்றுச் சொல் என்று நினைக்கிறார்கள். பிரித்துப் பாருங்கள். மாட்ட, ‘லு’ என்ற பன்மை, அதோடு ‘ஆடு’. தமிழில் சொல்லாடு, உரையாடு என்கிறோமே, அதே கட்டுமானம். திருக்குறளில் “சொல்லாடச் சோர்வு படும்” என்று வருகிறது, 405. சொல்லை ஆடுவது, உரையை ஆடுவது, மாட்டயை ஆடுவது. மூன்று மொழியும் பேச்சை ‘ஆடு’ம் காரியமாகத்தான் பார்த்திருக்கிறது.

அந்த ‘மாட்ட’வும் தமிழில் இருக்கிறது. பழந்தமிழில் ‘மாற்றம்’ என்றால் சொல், மறுமொழி. தமிழ் ற்ற கன்னடத்தில் த்த ஆகும், தெலுங்கில் ட்ட ஆகும். சுற்று, சுத்து, சுட்டு. மாற்றம், மாத்து, மாட்ட. எழுதும்போது ‘சுற்று’ என்று எழுதுகிற நாமே வாயால் ‘சுத்து’ என்றுதானே சொல்கிறோம்? அதே வழிதான். இதை என் மகளுக்குக் காட்டியபோது அவள் ஒரு மாலை முழுக்க ற்ற வரும் சொற்களாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

—

பாலக்கோடு_தமிழம்மா
பிப்ரவரி 15, இரவு 9:10

சுற்று, சுத்து, சுட்டு! நாளைக்கே கரும்பலகையில் எழுதுகிறேன். மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கிருஷ்ணகிரி நண்பர்கள் யாராவது உருது பற்றிச் சொல்வீர்களா?

—

பழையபேட்டை_பாய்
பிப்ரவரி 15, இரவு 10:45

சலாம் டீச்சர். உருதுவில் ‘ஜபான்’. பாரசீகத்திலிருந்து வந்தது. ஜபான் என்றால் நாக்கு. மொழியும் அதே ஜபான்தான். தாய்மொழி ‘மாதரீ ஜபான்’. வாக்குக் கொடுப்பதற்கு ‘ஜபான் தேனா’ என்போம், அப்படியே சொன்னால் நாக்கைக் கொடுப்பது. ஜபான் கொடுத்துவிட்டால் மாறக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லி வளர்ப்பது.

நாக்கை வைத்து மொழிக்குப் பெயரிடுவது உலகத்தில் பல இடத்தில் இருக்கிறது. லத்தீனில் ‘லிங்குவா’ என்றால் நாக்கு; ஆங்கில ‘லாங்குவேஜ்’ பிரெஞ்சு வழியாக அதிலிருந்து வந்ததுதான். துருக்கியில் ‘தில்’ நாக்கு, மொழி இரண்டும். ரஷ்ய மொழியில் ‘யஸீக்’கும் அப்படியே. ஹீப்ருவில் நாக்கைக் குறிக்கும் ‘லஷோன்’ மொழிக்கும் வரும், உதட்டைக் குறிக்கும் ‘சஃபா’வும் மொழிக்கு வரும்.

தமிழில் ஏன் ‘நா’ மொழிக்குப் பெயராகவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக யோசனை. தெரிந்தவர் சொல்லுங்கள்.

—

அதியமான்கோட்டை_வாசகன்
பிப்ரவரி 16, காலை 7:30

பாய், தமிழில் நா பேச்சுத் திறமைக்குப் போனது. “நாநலம் என்னும் நலனுடைமை” என்று 641ஆம் குறள். நாநலம் என்றால் பேச்சு வன்மை. நாவலர், நாவன்மை எல்லாம் அந்தக் கிளை. ஒருவரின் திறமைக்கு நா, சொன்னதற்கு மொழி என்று தமிழ் பிரித்துக்கொண்டது. உறுப்பைவிட்டு அது செய்யும் செயலைப் பெயராக எடுத்துக்கொண்டது என்று சொல்வேன்.

நீங்கள் சொன்ன ஜபான் தேனாவுக்கு ஒத்தது மலையாளத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

—

காரிமங்கலம்_பாலக்காடு
பிப்ரவரி 16, காலை 11:00

நான் எழுதுகிறேன். காரிமங்கலம் சொந்த ஊர், பாலக்காட்டில் நிறைய நாள் வேலை. அங்கே டிவி செய்தியில் ‘போலீசுக்கு மொழி கொடுத்தார்’ என்று வரும். முதலில் கேட்கும் தமிழருக்கு ஒன்றும் புரியாது. மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம், சாட்சியம். நாம் மரண வாக்குமூலம் என்பது அங்கே மரணமொழி. தமிழ், மலையாளம் போன்றவற்றைச் சொல்ல அவர்களுக்கு பாஷதான்.

அதாவது ஐயா சொன்ன பழைய பொருள், ஒருவர் வாய் திறந்து சொன்னது, அங்கே காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம்மிடம் ‘உறுதிமொழி’யில் மட்டும் அந்த வாசம்.

—

பென்னாகரம்_கிராமசபை
பிப்ரவரி 16, பகல் 1:40

உறுதிமொழியில் மட்டும் இல்லை அண்ணா. கிராம சபையில் தீர்மானம் போடும்போது ‘முன்மொழிந்தவர்’, ‘வழிமொழிந்தவர்’ என்று மினிட்ஸில் எழுதுகிறோம். எங்கள் ஊரில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பெரியம்மாகூட “நான் வழிமொழியறேன்” என்று கை தூக்குவார். கவிதையைத் தவிர்த்துப் பார்த்தால், மொழிதல் என்ற வினை இன்று சாதாரண மக்கள் வாயில் வாழ்வது கூட்டங்களில்தான். முன்னால் மொழிகிறார் ஒருவர், அவர் வழியே மொழிகிறார் இன்னொருவர். இதைப் பலகையில் மறக்காமல் போடுங்கள் டீச்சர். பிள்ளைகளின் அப்பா அம்மா படித்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

—

பாலக்கோடு_தமிழம்மா
பிப்ரவரி 16, இரவு 8:00

எவ்வளவு நன்றி சொல்வது. சரி, அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்வி மிச்சம் இருக்கிறது. சொன்னது, சொல் என்று இருந்த மொழி, எப்போது தமிழ், தெலுங்கு என்ற பொருளுக்கு வந்தது?

—

அதியமான்கோட்டை_வாசகன்
பிப்ரவரி 16, இரவு 11:20

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

அந்தப் பொருளும் சங்கப் பாட்டிலேயே வந்துவிட்டது. எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். குறுந்தொகை 11, மாமூலனார் பாட்டு. பிரிந்து போன தலைவன் இருக்கும் இடத்துக்கு நாமே போய்விடலாம் என்று தலைவி தன் நெஞ்சிடம் சொல்கிறாள்.

“குல்லைக் கண்ணி வடுகர் முனையது
வல்வேற் கட்டி நன்னாட்டு உம்பர்
மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்”

வடக்கே வாழ்ந்த வடுகரின் எல்லைப் பக்கம், கட்டி என்ற தலைவனின் நாட்டுக்கும் அப்பால், மொழி பெயரும் தேசம். பெயர்தல் என்றால் இடம் மாறுதல், வேறாதல். அகநானூறு 211இலும் இதே மாமூலனார் வேங்கட மலைக்கு அப்பால் ‘மொழிபெயர் தேஎம்’ என்கிறார். ஊருக்குள் எல்லாரும் ஒரே மாதிரி பேசும்போது, ஒருவர் சொன்னது மொழி, இன்னொருவர் சொன்னது வேறு மொழி. எல்லையைத் தாண்டினால் அங்கே எல்லாருடைய பேச்சும் சேர்ந்து வேறாகிவிடுகிறது. அப்போதுதான் ஒரு தேசத்தின் பேச்சு முழுவதையும் ‘மொழி’ என்று ஒரே சொல்லில் பிடிக்க வேண்டிய தேவை வருகிறது. இது என் வாசிப்பு. ஆனால் இந்தப் பொருள் எல்லை பற்றிய பாட்டில் நிற்பதைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

தொல்காப்பிய மரபியலிலும் வழிநூல் வகைகளில் ஒன்றாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ வருகிறது. மொழியை மாற்றி, முறைப்படி நூல் செய்தல். இன்று நாம் சொல்லும் மொழிபெயர்ப்பு அப்படியே. ஆக, ஒரே நூலில் ஓரிடத்தில் மொழி என்றால் சொல், இன்னோரிடத்தில் ஒரு மக்களின் பேச்சு. இரண்டும் பக்கம் பக்கமாக வாழ்ந்திருக்கின்றன. ஒன்று செத்து இன்னொன்று பிறக்கவில்லை.

—

ஒகேனக்கல்_புகை
பிப்ரவரி 17, காலை 8:15

மொழி பெயரும் எல்லை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது ஐயா. ஒகேனக்கல் என்ற பெயரைப் பாருங்கள். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. தமிழ்ப் பகரம் பல சொற்களில் கன்னட ஹகரம் ஆகும். பால் ஹாலு, புகை ஹொகெ. ஹொகெ, கல். புகையும் கல். மாரண்டஹள்ளி என்ற பெயரில் இருக்கும் ஹள்ளியும் நம் ‘பள்ளி’தான். நுளம்பர் என்ற பழைய அரச மரபினர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் தருமபுரியிலேயே இருக்கின்றன. மாமூலனார் சொன்ன எல்லை இதுவேதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லையில் வாழ்வது என்ன என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

—

தகடூர்_இளைஞன்
பிப்ரவரி 17, காலை 10:40

எல்லாம் சரி. ஒரு விஷயம் எனக்கு ஏற்கவில்லை. பலகையில் ‘பாஷை’ எதற்கு? வடமொழிச் சொல். மொழி, நுடி, நொடி, மாற்றம் என்று இத்தனை சொந்தச் சொற்கள் இருக்கும்போது, தாய்மொழி நாளில் கடன் வாங்கிய சொல்லை எழுதிப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டுமா? நம் தாத்தா காலத்தில் மேடையும் பத்திரிகையும் பாடுபட்டுத்தான் மொழி என்ற சொல்லை மீண்டும் மக்களிடம் கொண்டுவந்தன. அந்த உழைப்பை மதிக்க வேண்டும்.

—

அதியமான்கோட்டை_வாசகன்
பிப்ரவரி 17, பகல் 12:05

தம்பி, அந்த உழைப்பின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. பாஷை வடமொழிதான், பேசு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. பாணினி தன் வடமொழி இலக்கணத்தில் வேத வழக்கிலிருந்து பிரித்து, மக்கள் பேசும் வழக்கைப் ‘பாஷா’ என்கிறார். அதுவும் பேச்சிலிருந்து மொழிக்குப் போன சொல்தான்.

ஆனால் அது நேற்று வந்ததல்ல. திருமந்திரத்தில் “பண்டிதர் ஆவார் பதினெட்டும் பாடையும்” என்று வருகிறது. பாஷை தமிழ் வாயில் ‘பாடை’ ஆகியிருக்கிறது. பிணம் தூக்கும் பாடை வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் அதியமானையே எடுத்துக்கொள். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டுபிடித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, “ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி” என்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைத்தளம். வாக்கியம் தமிழ். முதலில் நிற்கும் ஸதியபுதோ என்ற பட்டம் பிராகிருதம். அசோகரின் பாறைக் கல்வெட்டிலும் சோழர், பாண்டியரோடு வரும் பெயர் அது. தகடூர், அதாவது நம் தருமபுரி, மன்னனின் பெயர் முன்னால் அந்தப் பட்டம் நின்றதால் அவன் தமிழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஔவை பாடியது அவனைத்தான்.

—

தகடூர்_இளைஞன்
பிப்ரவரி 17, பகல் 2:30

கல்வெட்டை மறுக்கவில்லை ஐயா. அரசன் பட்டம் வைத்துக்கொள்வது வேறு, பிள்ளைகள் தினமும் பார்க்கும் பலகை வேறு. ‘மொழி’ பெரிதாக நடுவில் இருக்கட்டும், பாஷை ஓரமாக இருக்கட்டும். என் கருத்து இவ்வளவுதான்.

—

ஓசூர்_ராமநாயக்கன்ஏரி
பிப்ரவரி 17, மாலை 6:10

தம்பி கவலை புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தெலுங்கு என்று எழுதினேன். அவளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. கணக்குப் போடுவது தமிழில், பாட்டியிடம் கோபப்படுவது தெலுங்கில், பக்கத்து வீட்டு அக்காவிடம் விளையாடுவது கன்னடத்தில். பாட்டி வாயிலிருந்து வரும் ஒரே சொல் பாஷ. பலகையில் அந்தச் சொல் இல்லையென்றால், பாட்டி பேசுவது கணக்கில் வராத ஒன்று என்று பிள்ளை நினைத்துவிடும். நடுவில் எது, ஓரத்தில் எது என்பதை டீச்சர் முடிவு செய்யட்டும். இடம் இருந்தால் போதும்.

—

நெறியாளர்
பிப்ரவரி 17, மாலை 6:45

இருமொழி, மும்மொழிக் கொள்கை பற்றி வந்த சில பதிவுகளை அதற்கான தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே சொல்லைப் பற்றி மட்டும் பேசுவோம்.

—

ஊத்தங்கரை_தங்கை
பிப்ரவரி 17, இரவு 9:30

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று கேட்க வேண்டும். எல்லாரும் மொழி என்றால் வாயால் சொன்னது என்கிறீர்கள். பாய் நாக்கு என்கிறார். என் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, வாய் பேச வராது. நானும் அவனும் கையால்தான் பேசுகிறோம். சண்டை போடுகிறோம், ரகசியம் சொல்கிறோம், சினிமாக் கதை சொல்கிறோம். அது மொழி இல்லையா? “சும்மா சைகை காட்டுறாங்க” என்று சொல்வார்கள், அப்போது எனக்குத் தாங்காது.

1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அறிஞர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, பேச்சு மொழிக்கு இருப்பது போலவே அதற்கும் உள்ளமைப்பு இருக்கிறது என்று காட்டினார். கையின் வடிவம், கை இருக்கும் இடம், அசைவு இவை சேர்ந்துதான் ஒரு சொல் ஆகிறது. ஒன்று மாறினாலும் பொருள் மாறும். இந்தியச் சைகை மொழிக்கும் தனி இலக்கணம் உண்டு, தமிழையோ இந்தியையோ கையால் காட்டுவதல்ல அது. ஐ.நா. செப்டம்பர் 23ஐச் சைகை மொழிகள் நாளாக 2018 முதல் கடைப்பிடிக்கிறது.

வேர்ப்பொருள் வாயோடு நின்றால் நிற்கட்டும். மொழி என்ற சொல்லுக்குள் என் அண்ணன் கைகளும் வர வேண்டும்.

—

அதியமான்கோட்டை_வாசகன்
பிப்ரவரி 17, இரவு 10:20

வந்துதான் இருக்கிறதும்மா. ‘சைகை மொழி’ என்று தமிழ் ஏற்கெனவே சொல்லிவிட்டது, அதில் மொழி என்பது ஒப்புக்குச் சேர்த்த சொல் அல்ல. வேர் என்பது சொல் எங்கிருந்து புறப்பட்டது என்று காட்டும். எதுவரை போகலாம் என்று கட்டளை போடாது. ஒரு சொல்லைக் குறித்த மொழி ஒரு தேசத்தின் பேச்சு முழுவதையும் குறிக்கும் அளவு விரிந்தபோது யாரும் தடுக்கவில்லை. உங்கள் அண்ணன் கையால் சொல்வதும் மொழிவதுதான். இதைப் பலகையில் முதல் வரிசையிலேயே போடச் சொல்வேன்.

—

பாலக்கோடு_தமிழம்மா
பிப்ரவரி 18, காலை 6:50

ஊத்தங்கரைத் தங்கச்சி, உங்கள் பதிவை எங்கள் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். சைகை மொழி கட்டாயம் பலகையில் வரும். முடிந்தால் உங்கள் அண்ணன் ‘மொழி’ என்பதற்கு எப்படிக் கை காட்டுவார் என்று எழுத்தில் விளக்குங்கள், எங்கள் ஓவிய ஆசிரியர் பார்த்து வரைவார்.

தகடூர்த் தம்பி, நடுவில் ‘மொழி’ இருக்கும். சுற்றிலும் நுடி, மாட்ட, ஜபான், பாஷை எல்லாம் ஒரே அளவு எழுத்தில் வரும். பாஷையை மட்டும் சிறிதாக எழுத எனக்கு மனம் வரவில்லை, பாதிப் பிள்ளைகளின் வீட்டுச் சொல் அது. பழமொழி, உறுதிமொழி, முன்மொழி, வழிமொழி கீழ் வரிசையில். வேறு எந்த மொழியாவது விட்டுப்போயிருந்தால் 20ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்.

—

சித்தேரி_மலை
பிப்ரவரி 18, இரவு 7:15

சித்தேரிப் பக்கம் மலையாளி மக்கள் இருக்கிறார்கள். கேரளம் என்று யாரும் நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. வீட்டுப் பேச்சு தமிழ்தான், ஆனால் கீழ்நாட்டுத் தமிழிலிருந்து சொல்லும் இழுவையும் வேறு. மாவட்டத்தில் எத்தனை மொழி என்று எண்ணும்போது, ஒரே தமிழுக்குள் எத்தனை பேச்சு என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

—

சிட்லிங்கி_நூல்
பிப்ரவரி 19, இரவு 8:25

டீச்சர், ஒன்று விட்டுப்போச்சு. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் இருக்கிறோம். துணியில் நாங்கள் போடும் தையல் வேலையை வெளியூரில் நிறையப் பேருக்குத் தெரியும், எங்கள் பேச்சைத் தெரியாது. அதற்குப் பெயர் ‘கோர்போலி’. கோர் என்றால் நாங்கள், எங்கள் சனம். போலி என்றால் பேச்சு. இந்தியில் பேசுவதற்கு ‘போல்னா’ என்கிறார்களே, அந்த வழிச் சொல். இதுவும் நீங்கள் எல்லாரும் சொன்ன மாதிரி பேசுவதிலிருந்து வந்த பெயர்தான்.

பலகையில் எழுதும்போது ‘கோர்போலி’ என்று சேர்த்தே எழுதுங்கள். ‘போலி’ என்று தனியாக எழுதினால் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அதை ‘பொய்யானது’ என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான், ஆனால் எங்கள் வாயில் அது ‘பஸ்’ என்னும்போது வரும் ப. உச்சரிப்பைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பள்ளியிலேயே எங்கள் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லலாம்.